போர்க்கோலத்தில் நிற்பவள் பீடத்துக்கு வந்தது எப்படி? – ழான் தார்க் பற்றி

கடற்கரைவாசி:

புதுச்சேரிக்கு வந்தவர்களுக்குத் துய்மா வீதியிலுள்ள சம்மனசு மாதா கோயில் தெரிந்திருக்கும். ஊரில் நாங்கள் கப்ஸ் கோயில் என்போம். அதற்கு எதிரே, கடற்கரைச் சாலையை ஒட்டிய சிறு தோட்டத்தில் ழான் தார்க்கின் சிலை நிற்கிறது. ஆங்கிலம் வழியாகப் படித்தவர்களுக்கு அவர் ஜோன் ஆஃப் ஆர்க்.

போன ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோது நான்காம் வகுப்புப் படிக்கும் என் மகள் அந்தச் சிலை முன்பு நின்றுவிட்டாள். "மறைக்கல்வியில் சண்டை போடக் கூடாது என்று சொல்கிறார்களே, இந்த அக்கா சண்டை போட்டவர்தானே, எப்படிப் புனிதர் ஆனார்?" என்று கேட்டாள். நாட்டுக்காகப் போராடினார் என்று சொல்லிவைத்தேன். அவள் விடவில்லை. "எதிர்த்து நின்றவர்களும் கோயிலுக்குப் போகிறவர்கள்தானே அம்மா?"

எனக்குப் பதில் வரவில்லை. எதையாவது சொல்லிச் சமாளிக்கவும் மனம் ஒப்பவில்லை. நானும் சின்ன வயதிலிருந்து அந்தச் சிலையைக் கடந்து போகிறவள்தான், ஒருநாளும் இப்படி யோசித்ததில்லை. விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

பழைய ஏடு:

சகோதரி, உங்கள் மகளின் இரண்டாவது கேள்விக்குப் பெரியவர்களே தடுமாறுவார்கள். இருபத்தெட்டு ஆண்டுகள் வரலாறு நடத்தியவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

குழந்தை சொன்னது சரி. ழான் கலந்துகொண்டது ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் நடந்த நூறாண்டுப் போர். அந்தப் போரில் இரு தரப்பாரும் கத்தோலிக்கர்களே. இங்கிலாந்து ரோமையை விட்டுப் பிரிந்தது அதற்கு நூறு ஆண்டுகள் கழித்துத்தான். ஆகவே இதை மதப்போராக எண்ண வேண்டாம், அரியணைக்கு யார் வாரிசு என்ற வழக்கு அது. பிரான்சு மன்னர் ஆறாம் சார்லஸ் 1420இல் த்ருவா உடன்படிக்கையில் சொந்த மகனை ஒதுக்கிவிட்டு, மகளை மணந்த இங்கிலாந்து மன்னர் ஐந்தாம் ஹென்றியை வாரிசாக ஏற்றார். 1422இல் இரண்டு மன்னர்களும் அடுத்தடுத்து இறந்தார்கள். ஒரு வயதுகூட நிறையாத ஆறாம் ஹென்றி இரு நாட்டுக்கும் அரசன் என்றது ஒரு பக்கம். ஒதுக்கப்பட்ட மகன் சார்லஸ்தான் அரசன் என்றது மறு பக்கம். பர்கண்டிப் பிரபுவின் தந்தையைச் சார்லசின் ஆட்கள் 1419இல் கொன்றிருந்ததால் பர்கண்டிக்காரர்கள் ஆங்கிலேயர் பக்கம் சேர்ந்துகொண்டார்கள். பிரெஞ்சுக்காரர்களே இரண்டாகப் பிளந்து நின்றார்கள்.

1428 அக்டோபரில் ஆங்கிலேயர் ஓர்லெயான் நகரை முற்றுகையிட்டார்கள். லுவார் ஆற்றுப் பாலம் அங்கே இருக்கிறது. அந்த நகரம் விழுந்தால் தெற்கே சார்லஸ் வசம் எஞ்சியிருந்த நாட்டுக்கு வழி திறந்துவிடும்.

இந்த நேரத்தில்தான் கிழக்கு எல்லையில் தோம்ரெமி என்ற சிற்றூரிலிருந்து ஒரு பெண் புறப்படுகிறாள். 1412 வாக்கில் பிறந்தவள், குடியானவர் வீட்டுப் பிள்ளை, எழுதப் படிக்கத் தெரியாது. பதின்மூன்று வயதில், கோடைக்காலத்து நண்பகலில், தகப்பனாரின் தோட்டத்தில் முதன்முதலாகக் குரல் கேட்டதாகவும், மிகவும் பயந்துபோனதாகவும், பின்னாளில் பிடிபட்டு ஆங்கிலேயர் வசம் இருந்தபோது நடந்த விசாரணையில் சொன்னாள். அதிதூதர் மிக்கேல், புனித கத்தரீன், புனித மார்கரீத் ஆகியோரின் குரல்கள் என்று அடையாளம் சொன்னாள். பக்கத்துக் கோட்டைத் தலைவர் போத்ரிக்கூரிடம் உறவினர் ஒருவர் அழைத்துப்போனபோது, "இவளைக் கன்னத்தில் நாலு அறை விட்டு வீட்டில் கொண்டுபோய் விடு" என்றுதான் அவர் சொன்னார். அவள் திரும்பத் திரும்பப் போய் நின்றாள். 1429 பிப்ரவரியில் ஆண் உடை தரித்து, ஆறு துணையாட்களோடு குதிரையேறி, எதிரிகளின் நிலப்பரப்பு வழியாகப் பதினொரு நாள் பயணம் செய்து ஷினோன் கோட்டையில் சார்லசைப் பார்த்தாள். போய்த்தியே நகரில் மறைவல்லுநர்கள் அவளை விசாரித்துத் தேர்ந்த பிறகுதான் படை கொடுத்தார்கள்.

ஏப்ரல் 29 அன்று ஓர்லெயானுக்குள் நுழைந்தாள். மே 8 அன்று முற்றுகை விலகியது. ஜூன் 18 அன்று பத்தே போர்க்களத்தில் ஆங்கிலப் படை சிதறியது. ஜூலை 17 அன்று ரேம்ஸ் பேராலயத்தில் சார்லசுக்கு முடிசூட்டு விழா. எல்லாம் மூன்று மாதத்துக்குள்.

வைகைக்கரை:

ஐயா, விவரங்களுக்கு நன்றி. ஆனால் கேள்வி அப்படியே நிற்கிறது. வெற்றிப் பட்டியல் ஒருவரைத் தளபதியாக்கும், புனிதராக்குமா?

கத்தோலிக்கத் திரு அவையில் போர்வீரர்களாக இருந்த புனிதர்கள் பலர் உண்டு. ஆனால் அவர்களில் பெயர்பெற்ற பலர் ஆயுதத்தைக் கீழே வைத்த பிறகுதான் புனித வாழ்வைத் தொடங்கினார்கள். தூர் நகரத்து மார்ட்டின் படையை விட்டு விலகினார். லொயோலா இஞ்ஞாசியார் 1522இல் மொன்செராத் மாதா பீடத்தில் வாளைக் காணிக்கையாக வைத்துவிட்டு வெளியேறினார். ழான் அப்படிச் செய்யவில்லை. பிடிபடும் நாள்வரை களத்தில் இருந்தாள்.

மனத்தில் உறுத்துகிற மூன்று விஷயங்களைச் சொல்கிறேன். முதலாவது, விசாரணையில் தன் வாள்களைப் பற்றிப் பேசியபோது, ஒரு பர்கண்டி வீரனிடமிருந்து கிடைத்த வாளைப் பற்றி அது நன்றாக ஓங்கி அடிக்கத் தோதான போர்வாள் என்று மெச்சிச் சொன்னாள். இரண்டாவது, 1430இல் ரோமையை எதிர்த்துப் பிரிந்த பொஹிமியா நாட்டு ஹுஸ் சமயத்தாருக்கு அவள் பெயரால் போன கடிதம். ஆங்கிலேயரோடு போர் இல்லாவிட்டால் உங்களை நோக்கி எப்போதோ வந்திருப்பேன் என்று மிரட்டுகிற கடிதம் அது. மூன்றாவது, பிராங்கே தாராஸ் என்ற பர்கண்டிக் கொள்ளைத் தலைவன். உயிரோடு பிடிபட்டவன். அவனைக் கைதி மாற்றத்துக்கு வைத்திருந்தாள். மாற்றாக வர வேண்டிய ஆள் இறந்துவிட்டான் என்று தெரிந்ததும் அதிகாரியிடம் ஒப்படைத்தாள், அவன் தலை போயிற்று.

குழந்தையிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. நாம் நமக்குள் மறைக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஓடைமரம்:

வைகைக்கரை அவர்கள் சொன்ன மூன்றும் நிஜம். இப்படி நேராகக் கேட்டதற்கு நன்றி. பதிலைப் படிக்கக் காத்திருக்கிறேன்.

பழைய ஏடு:

வாளைப் பற்றி அவள் இன்னொன்றும் சொன்னாள். வாள் பிடிக்குமா கொடி பிடிக்குமா என்று கேட்டார்கள். கொடி நாற்பது மடங்கு அதிகம் பிடிக்கும் என்றாள். யாரையும் கொல்லாமல் இருப்பதற்காகத்தான் பகைவரை நோக்கிப் போகும்போது தானே கொடியை ஏந்தியதாகவும், தன் கையால் ஒருவரையும் கொன்றதில்லை என்றும் சொன்னாள். வெள்ளைத் துணியில் லில்லிப் பூக்கள் தூவி, இரு பக்கமும் வானதூதர் வரைந்து, 'இயேசு மரியா' என்று எழுதிய கொடி அது.

பிராங்கே விஷயத்தில் ஒன்று விட்டுப்போயிற்று. அவன் கொலைகாரன், திருடன், துரோகி என்று தானே ஒத்துக்கொண்டதாகவும், பதினைந்து நாள் முறைப்படி விசாரணை நடந்ததாகவும் அவள் சொன்னாள். இதனால் உங்கள் கேள்வி தீர்ந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். கைதியைக் காப்பாற்றும் நிலையில் இருந்தவள் காப்பாற்றவில்லை, அவ்வளவு உண்மை. ஹுஸ் சமயத்தார் கடிதத்தை இலத்தீனில் எழுதியவர் அவளுடைய குருவானவர் பாஸ்கெரல். அந்த மிரட்டலை நானும் நியாயப்படுத்தப் போவதில்லை.

கோயில்பிள்ளை மகன்:

அனைவருக்கும் வணக்கம். என் அப்பா எங்கள் ஊர் ஆலயத்தில் நாற்பது வருடம் கோயில்பிள்ளையாக இருந்தவர். விடிகாலை நான்கரைக்கு எழுந்து மணியடிப்பார். அதனால் ழான் தார்க்கைப் பற்றிப் படித்ததில் என் மனத்தில் ஒட்டிக்கொண்டது போர் அல்ல, ஒரு மணியடிப்பவரின் சாட்சியம்.

ழான் இறந்து இருபத்தைந்து ஆண்டு ஆகும் தறுவாயில், அவளைத் தண்டித்த தீர்ப்பை ஆராயும் மறுவிசாரணைக்காக தோம்ரெமிக்கு ஆட்கள் வந்தபோது, ஊர் ஆலயத்தில் மணியடிக்கும் பொறுப்பிலிருந்த பெரேன் திராப்பியே சொன்னது இது: இரவுச் செபத்துக்கு மணியடிக்கத் தான் மறந்துபோனால் அந்தப் பெண் வந்து கடிந்துகொள்வாள், ஒழுங்காக அடித்தால் பரிசு தருகிறேன் என்பாள். ஊர்க்காரர்கள் வேறு விதமாகவும் சொன்னார்கள். வயலில் வேலை செய்யும்போது மணியோசை கேட்டால் மண்டியிடுவாளாம். நூல் நூற்பாள், ஆடு மாடு ஓட்டிப்போவாள், ஏழைகளுக்குத் தன் படுக்கையைக் கொடுத்துவிட்டு அடுப்பங்கரையில் படுப்பாள். அதிகமாகக் கோயிலுக்குப் போகிறாள் என்று தோழிகள் கேலி செய்ததும் பதிவாகியிருக்கிறது.

இந்தப் பெண்தான் போருக்குப் போனாள். புறப்படும் முன்பு ழான் தெ மெஸ் என்ற வீரரிடம் சொன்னாள்: என் ஏழைத் தாயின் பக்கத்தில் உட்கார்ந்து நூல் நூற்பதுதான் எனக்கு விருப்பம், இது என் வேலை அல்ல, ஆனால் ஆண்டவர் சொல்கிறார், போயாக வேண்டும். போர் அவள் ஆசைப்பட்டு எடுத்தது அல்ல.

களத்தில் அவள் எப்படி இருந்தாள் என்பதற்கு மூன்று காட்சிகள் சொல்கிறேன்.

ஓர்லெயானில் ஆங்கிலேயரைத் தாக்குவதற்கு முன்பு, முற்றுகையை விட்டு நாடு திரும்பும்படி முறையாகக் கடிதம் எழுதினாள். ஆண்டவர் விண்ணேற்ற நாளில் போர் செய்ய மாட்டேன் என்று சொல்லி, மூன்றாவதாக ஒரு கடிதத்தை அம்பில் நூலால் கட்டி எதிரிக் கோட்டைக்குள் எய்யச் செய்தாள். உள்ளேயிருந்து அவளை வேசி என்று கத்தினார்கள். அங்கேயே அழுதாள்.

இரண்டாவது, மே 7, ஓர்லெயான் பாலத்தை ஒட்டிய தூரெல் கோட்டைத் தாக்குதல். ஏணி வைத்து ஏறும்போது கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே அம்பு பாய்ந்தது. வலியில் அழுதாள். சில வீரர்கள் மந்திரித்துக் கட்டுகிறோம் என்றார்கள். பாவம் என்று மறுத்துவிட்டாள். ஒலிவ எண்ணெயும் கொழுப்பும் வைத்துக் கட்டிக்கொண்டு, குருவிடம் பாவங்களை அறிக்கையிட்டு, அதாவது பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டுத் திரும்பினாள். மாலை எட்டு மணிக்குத் தளபதி துனுவா, இனி முடியாது, பின்வாங்குவோம் என்றார். கொஞ்சம் பொறுங்கள் என்று கேட்டுக்கொண்டு, குதிரையேறித் தனியாக ஒரு திராட்சைத் தோட்டத்துக்குப் போய்ச் சில நிமிடம் செபித்துவிட்டு வந்து கொடியைக் கையில் எடுத்தாள். கோட்டை அன்றிரவு விழுந்தது. அவளை வாய்க்கு வந்தபடி திட்டிய ஆங்கிலத் தளபதி கிளாஸ்டேல் பாலம் முறிந்து கவசத்தோடு ஆற்றில் மூழ்கினார். அவருடைய ஆன்மாவுக்காக ழான் அழுதாள் என்று பாஸ்கெரல் சாட்சி சொன்னார்.

மூன்றாவது, அவளுடைய பணிச்சிறுவன் லூயி தெ கூத் சொன்னது. பிடிபட்ட ஆங்கிலேயர்களை ஓட்டிவந்த ஒரு பிரெஞ்சு வீரன் ஒருவன் தலையில் அடித்துக் குற்றுயிராகப் போட்டுவிட்டான். ழான் குதிரையிலிருந்து இறங்கி, அந்த ஆங்கிலேயனின் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, அவன் பாவசங்கீர்த்தனம் செய்ய ஏற்பாடு செய்து, அவனைத் தேற்றினாள்.

கடற்கரைவாசி அக்கா, எதிர்த்து நின்றவர்களும் கோயிலுக்குப் போகிறவர்கள்தானே என்று உங்கள் மகள் கேட்டாள் அல்லவா? ழானுக்கு அது தெரிந்திருந்தது என்று இந்த மூன்றாவது காட்சியைக் காட்டிச் சொல்லலாம்.

வைகைக்கரை:

தம்பி, அந்தக் காட்சி என்னையும் அசைக்கிறது. இருந்தாலும் இந்தச் சாட்சியங்கள் எல்லாம் 1450களில் எடுத்தவை. அப்போது சார்லஸ், அவளை எரித்த ரூவான் நகரையே மீட்டுவிட்டார். பேய்ப் பிடித்த பெண்ணால் முடிசூடியவர் என்ற பழியைத் துடைக்க அவருக்கும் ஆசை இருந்தது. நல்லது மட்டும் சொல்லப்பட்டிருக்கலாம் அல்லவா?

நீதிமன்றப்படி:

இந்த இடத்தில் நான் நுழைகிறேன். வழக்குரைஞராகத் தொழில் செய்கிறவள். வைகைக்கரை ஐயாவின் ஐயம் நியாயமானது. அதனால்தான் அவளைக் கொன்றவர்களே எழுதிவைத்த பதிவேட்டைப் பார்க்கலாம் என்கிறேன். 1431 விசாரணை நாள்வாரியாகப் பதிவாகியிருக்கிறது. அவளைக் குற்றவாளி என்று காட்டுவதற்காக எழுதப்பட்ட ஆவணம் அது. அதிலேயே அவள் எழுந்து நிற்கிறாள்.

முதலில் வழக்கு எப்படி நடந்தது என்று சொல்கிறேன். 1430 மே 23 அன்று கோம்பியேன் நகர வாசலில் பர்கண்டிப் படையிடம் பிடிபட்டாள். பத்தாயிரம் லிவ்ர் பணத்துக்கு ஆங்கிலேயர் அவளை வாங்கினார்கள். சார்லஸ் மீட்கவில்லை. (இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரம் வருகிறது, மறைக்கவில்லை.) போவே ஆயர் பியேர் கோஷோன் தலைமையில் ரூவான் நகரில் திரு அவை விசாரணை நடந்தது. திரு அவை விசாரணை என்றால் கைதியைத் திரு அவைச் சிறையில், பெண்களின் காவலில் வைக்க வேண்டும். அவளை வைத்தது கோட்டைச் சிறையில், காலில் விலங்கோடு, ஆங்கிலச் சிப்பாய்களின் காவலில். வழக்குரைஞர் தரவில்லை. அவளுடைய ஊரில் முன்விசாரணைக்குப் போனவர், சொந்தச் சகோதரியிடம் காண விரும்பாத எதையும் இவளிடம் காணவில்லை என்று அறிக்கை கொண்டுவந்தார் என்கிறது பிற்காலச் சாட்சியம். அந்த அறிக்கை வழக்கேட்டில் இடம்பெறவில்லை. திருத்தந்தையிடம் அழைத்துப் போங்கள், அங்கே பதில் சொல்கிறேன் என்று கேட்டாள். அவர் வெகுதூரத்தில் இருக்கிறார் என்று மறுத்தார்கள்.

எதிரே கற்றறிந்த மறைவல்லுநர்கள் பல பேர். இவளுக்கு வயது பத்தொன்பது. பிப்ரவரி 24 அன்று கேட்டார்கள்: "நீ இறையருள் நிலையில் இருக்கிறாயா?" நம் தொழிலில் இதைப் பொறிக்கேள்வி என்போம். ஆம் என்றால் ஆணவம், ஏனென்றால் யாரும் அதை உறுதியாக அறிய முடியாது என்பது திரு அவையின் போதனை. இல்லை என்றால் தன் வாயாலேயே தீர்ப்பு. அவள் சொன்னது: "இல்லையென்றால் கடவுள் என்னை அந்த நிலையில் வைப்பாராக. இருக்கிறேன் என்றால் கடவுள் அதிலேயே என்னைக் காப்பாராக." கேட்டவர்கள் திகைத்துப்போனார்கள் என்று எழுத்தர்களில் ஒருவர் பின்னர் சொன்னார்.

நான் எத்தனையோ சாட்சிகளைக் கூண்டில் பார்த்திருக்கிறேன். படித்தவர்கள், பதவியில் இருந்தவர்கள் எல்லாம் இரண்டாவது கேள்வியிலேயே குழறுவார்கள். வழக்குரைஞர் துணை இல்லாமல், பகலும் இரவும் விலங்கில் கிடந்த பெண்ணின் பதில் இது.

இன்னொன்று. கடவுள் ஆங்கிலேயரை வெறுக்கிறாரா என்று கேட்டார்கள். கடவுளுக்கு அவர்கள்மேல் அன்பா வெறுப்பா என்று எனக்குத் தெரியாது, இங்கே சாகிறவர்களைத் தவிர மற்றவர்கள் பிரான்சை விட்டு வெளியேறுவார்கள் என்பது மட்டும் தெரியும் என்றாள். சிறுமியின் கேள்விக்கு ழானே தந்த பதிலாக இதை எடுத்துக்கொள்கிறேன். கடவுள் எங்கள் கட்சி என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றே கைதட்டல் கிடைத்திருக்கும்.

கோயில்பிள்ளை மகன்:

இறையருள் நிலை பற்றிய அந்தப் பதிலை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். பழைய ஞானோபதேசத்தில் இறையருளைத் தேவ இஷ்டப்பிரசாதம் என்று மனப்பாடம் செய்த தலைமுறை அவர். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இதை யார் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்?" என்று கேட்டார். பதிவேட்டில் விடை இருக்கிறது. பரலோக மந்திரம், அருள் நிறை மந்திரம், விசுவாச மந்திரம் மூன்றையும் என் தாயிடம் கற்றேன், என் விசுவாசத்தை வேறு யாரிடமும் கற்கவில்லை என்றாள்.

வைகைக்கரை:

நீதிமன்றப்படி அம்மா, ஒன்று கேட்கிறேன். மே 24 அன்று அவள் பணிந்துவிட்டாள் அல்லவா? குரல்களை மறுத்துக் கையொப்பம் போட்டாள். புனிதர் என்றால் அங்கே உறுதியாக நின்றிருக்க வேண்டாமா?

நீதிமன்றப்படி:

பணிந்தாள். பொதுமக்கள் முன் சேந்த்வான் கல்லறை வளாகத்தில் மேடை போட்டு, தீர்ப்பை வாசிக்கத் தொடங்கிய பிறகு பயந்து பணிந்தாள். எனக்கு அவள் மிக நெருக்கமாகத் தெரிவது இங்கேதான்.

அவளுக்கு வாசித்துக் காட்டிய காகிதம் ஆறேழு வரிதான் இருந்தது என்று அருகில் நின்றவர்கள் சொன்னார்கள். வழக்கேட்டில் இருப்பது அதைவிடப் பல மடங்கு நீளம். திரு அவைச் சிறைக்குப் போவோம் என்று நம்பினாள். மறுபடியும் அதே சிறைக்கு, அதே சிப்பாய்களிடம் அனுப்பினார்கள். பணிந்ததற்கு அடையாளமாகப் பெண் உடை தரித்தாள். சில நாளில் மீண்டும் ஆண் உடையில் இருந்தாள். காவலர்கள் பெண் உடையை எடுத்துக்கொண்டார்கள் என்பது ஒரு சாட்சியம், அத்துமீற முயன்றார்கள் என்பது இன்னொன்று.

மே 28 அன்று கோஷோன் சிறைக்கே வந்து, குரல்கள் மறுபடி பேசினவா என்று கேட்டார். இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் உயிர் மிஞ்சியிருக்கக்கூடும். உயிரைக் காப்பாற்றிக்கொள்ள மறுதலித்தது பெரிய துரோகம் என்று கடவுள் தன் புனிதர்கள் வழியாகத் தெரிவித்தார் என்றாள். நெருப்புக்குப் பயந்துதான் அப்படிச் சொன்னேன் என்றாள். அந்த வரிக்குப் பக்கத்தில், ஓரத்தில், எழுத்தர் இலத்தீனில் இரண்டே சொல் எழுதியிருக்கிறார்: 'சாவுக்குரிய பதில்.' எழுதும்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது.

வைகைக்கரை ஐயா, பேதுரு மூன்று முறை மறுதலித்தவர். ழான் ஒரு முறை. பயம் என்னவென்று முழுதாக அறிந்த பிறகு திரும்பி வந்து சொன்ன சொல் அது. தூரெல் கோட்டை ஏணியைவிட இதற்குத்தான் அதிகத் துணிவு வேண்டும் என்று நினைக்கிறேன்.

மே 30, பழைய சந்தைத் திடல். சட்டப்படி திரு அவை சாராத அரசு நீதிபதி தனியே தண்டனைத் தீர்ப்பு சொல்ல வேண்டும். அதுகூடச் சொல்லப்படவில்லை, கொண்டுபோங்கள் என்று கையசைத்ததோடு சரி. சிலுவை ஒன்று கேட்டாள். ஓர் ஆங்கிலச் சிப்பாய் குச்சியை ஒடித்துச் சின்னச் சிலுவையாகச் செய்து கொடுத்தான். அதை முத்தமிட்டு ஆடைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். பக்கத்துக் கோயிலிலிருந்து சிலுவையில் தொங்கும் இயேசுவின் பாடுபட்ட சுரூபத்தைக் கொண்டுவந்து, தீக்கு மேலே தன் கண்ணுக்கு நேராக உயர்த்திப் பிடிக்கச் சொன்னாள். இயேசுவே என்று கடைசிவரை கூப்பிட்டாள். சாம்பலை சேன் ஆற்றில் கொட்டினார்கள், யாரும் எடுத்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக.

ஓடைமரம்:

குச்சிச் சிலுவை செய்து கொடுத்தவன் ஆங்கிலேயன் என்பது எனக்கு இன்றுதான் தெரியும்.

பழைய ஏடு:

சாம்பல் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 1867இல் பாரிசில் ஒரு மருந்துக்கடையில் ழானின் எச்சங்கள் என்று எழுதிய புட்டி ஒன்று கிடைத்தது. ஷினோனில் பாதுகாத்து வந்தார்கள். 2007இல் ஆய்வு முடிவு வந்தது. எகிப்திய மம்மியின் எலும்பும் ஒரு பூனையின் எலும்பும்தான் அவை. ஆகவே அவளுடைய உடலில் எதுவும் நம்மிடம் இல்லை. அவள் சொல்லி எழுதுவித்த கடிதங்கள் சில இருக்கின்றன. அவற்றில் மூன்றில் 'ழெஹான்' என்று தடுமாறிய எழுத்தில் கையொப்பம் இருக்கிறது. கடைசிக் காலத்தில் பெயர் எழுதக் கற்றிருக்கிறாள்.

திரு அவை என்ன சொன்னது என்பதையும் சேர்த்துவிடுகிறேன். 1456 ஜூலை 7 அன்று அதே ரூவானில் பழைய தீர்ப்பு செல்லாது என்று அறிவித்தார்கள். 1909இல் பத்தாம் பயஸ் அவரைப் புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான முத்திப்பேறு பெற்றவராகவும், 1920 மே 16 அன்று பதினைந்தாம் பெனடிக்ட் புனிதராகவும் அறிவித்தார்கள். எந்தப் பிரிவில் சேர்த்தார்கள் என்று கவனியுங்கள். விசுவாசத்துக்காக உயிர்விட்ட மறைசாட்சி என்றல்ல, கன்னியர் என்று. போர் வெற்றியைத் திரு அவை பீடத்தில் ஏற்றவில்லை. அவளுடைய நற்பண்புகளை ஆராய்ந்துதான் ஏற்றியது. என்னைக் கேட்டால் மறைசாட்சி என்றும் சொல்லியிருக்கலாம். ஆனால் தண்டித்தது ஓர் ஆயரின் மன்றம், அங்கேதான் சிக்கல்.

பிரான்சில் அவளை இழுக்காத கட்சி இல்லை. முடியாட்சி ஆதரவாளர், குடியரசுக்காரர், ஜெர்மானியருக்குப் பணிந்த விஷி அரசு, அதை எதிர்த்தவர்கள், இப்போது குடியேறிகளை வெறுப்பவர்கள் என எல்லாரும். ஓர்லெயான் மக்கள் மட்டும் ஆண்டுதோறும் மே 8 அன்று தங்கள் ஊரைக் காப்பாற்றியவளை நினைத்து விழா எடுக்கிறார்கள். அது எனக்குப் பிடித்திருக்கிறது.

வைகைக்கரை:

பிராங்கே தாராஸ் விஷயத்தில் என் மனம் இன்னும் ஆறவில்லை. அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனால் சிறையில் அந்தப் பதிலைச் சொன்னவளைப் புனிதர் இல்லை என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் இன்று படுக்கப் போகிறேன்.

கடற்கரைவாசி:

எல்லாருக்கும் நன்றி. மூன்று நாளாக இந்த இழையைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

தாயிடம் கற்றேன் என்று அவர் சொன்னதைத் தம்பி எழுதிய பிறகு, அந்தத் தாய் என்ன ஆனார் என்று தேடிப் படித்தேன். இசபெல் ரோமே. கணவர் இறந்த பிறகு ஓர்லெயானுக்கு வந்துவிட்டார். நகரத்தார் உதவித்தொகை கொடுத்துப் பார்த்துக்கொண்டார்கள். 1455 நவம்பர் 7 அன்று பாரிஸ் நோத்ர்தாம் பேராலயத்தில், திருத்தந்தை மூன்றாம் கலிஸ்துவின் பிரதிநிதிகள் முன்பு, துக்க உடையில் வந்து நின்று மனுக் கொடுத்தார். முறைப்படி மணம் முடித்துப் பெற்ற மகள் ஒருத்தி எனக்கு இருந்தாள், ஞானஸ்நானமும் உறுதிபூசுதலும் பெற்றவள், இறையச்சத்தில் அவளை வளர்த்தேன் என்று தொடங்குகிறது மனு. ஓர்லெயான்காரர்களும் கூட வந்திருந்தார்கள். தீர்ப்பு வந்து இரண்டு ஆண்டில், 1458இல் அவர் இறந்தார்.

நேற்று இரவு மகளிடம் இதைத்தான் சொன்னேன். அம்பில் கட்டிய கடிதத்தையும், ஆங்கிலேயன் தலையைத் தாங்கிப் பிடித்ததையும், குச்சிச் சிலுவையையும் சொன்னேன். கைதி ஒருவர் இறந்ததையும் சொன்னேன், மறைக்கவில்லை ஐயா. அவள் அந்த அம்மாவைப் பற்றித்தான் கேட்டாள். "எத்தனை வருடம் அவர் காத்திருந்தார்?" 1431இலிருந்து 1456 வரை அவளே எண்ணிப் பார்த்தாள். இருபத்தைந்து.

கோயில்பிள்ளை மகன்:

அக்கா, மே 30 அன்று அவருடைய திருநாள். அப்பாவுக்கு அந்தச் சிலையை ஒருமுறை பார்க்க வேண்டுமாம். பஸ்ஸில் அழைத்துக்கொண்டு வரலாம் என்று இருக்கிறேன். கப்ஸ் கோயிலில் காலைப் பூசை எத்தனை மணிக்கு? முதல் மணி அடிப்பதற்கு முன்பே வந்து சேர வேண்டும் என்கிறார்.